கார் பார்க்கில் உட்கார்ந்தபடி நான் நிறுத்திய தேர்தல்

நடந்தது இதுதான்.

1. இங்கிலாந்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மொரீன், மாவட்ட மன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்க முடிவு செய்தார்.

2. அவருடைய வேட்புமனுவை மன்ற அலுவலகத்தில் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் கையைத் தூக்கினேன்.

3. கடைசி நாளன்று மாலை நான்கு மணி வரை நேரம் இருந்தது.

4. மூன்று மணி தாண்டிய சிறிது நேரத்தில், மனுவோடு, அலுவலகத்தின் கார் பார்க்கில் இருந்தேன்.

5. நான்கு மணி அடித்தபோது மாடிப்படியில் இருந்தேன்.

6. அந்த வார்டில் தேர்தல் நடக்கவில்லை.

நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நடந்ததை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். (அப்பா சொல்லும் கதையில் போலீஸ்கூட வரும். போலீஸ் வரவில்லை.) அதனால் ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் மலேசியாவில் கோலா சிலாங்கூர்க்காரி. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தவர். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு, இங்கிலாந்துக்குப் போய்ப் பட்டம் முடித்து, அங்கேயே ஒரு சின்ன ஊரில் வடிகால் வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மழைத் தண்ணீர் எங்கே விழும், எந்தப் பக்கம் ஓடும், எந்தக் குழாயில் அடைக்கும் என்று கணக்குப் போடுவது ஒரு பாதி வேலை. மறுபாதி, டெண்டர் அனுப்புவது. டெண்டர் ஒரு நிமிடம் தாமதமானாலும் குப்பைக்குத்தான் போகும். நான் அனுப்பியது ஒன்றுகூடத் தாமதமானதில்லை. அலுவலகத்தில் இதற்காக எனக்கு ஒரு பெயரே இருந்தது. அந்தப் பெயரை நான் வெளியே ரசிக்கவில்லை. உள்ளே நன்றாகவே ரசித்தேன்.

மொரீனுக்கு அறுபது வயதுக்கு மேல். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் கென், பேச்சில் சிக்கனமான மனிதர். சந்தைச் சதுக்கத்தில் இருந்த பொதுக் கழிப்பறையை மன்றம் பூட்டியதிலிருந்து கென் ஊருக்குள் வருவதை நிறுத்திவிட்டார். அவருக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். ஒருமுறை வழியிலேயே சங்கடமாகிவிட்டது. அதன் பிறகு சந்தை நாளில் மொரீன் மட்டும் பையை எடுத்துக்கொண்டு போவார். கென் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் திரும்பி வந்ததும், யார் யார் வந்திருந்தார்கள் என்று கேட்பார்.

எங்கள் வார்டின் கவுன்சிலரிடம் மொரீன் பலமுறை சொல்லிப் பார்த்தார். அந்தக் கவுன்சிலர் கெட்டவர் இல்லை. நல்ல கோட்டுப் போட்ட, கைகுலுக்கத் தெரிந்த மனிதர். ஆனால் எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல் போட்டியின்றி வந்து வந்து, கேட்பதற்கும் செய்வதற்கும் சம்பந்தம் உண்டு என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"இந்தத் தடவை நான் நிற்கிறேன்," என்றார் மொரீன் ஒருநாள், தட்டைத் துடைத்துக்கொண்டே. "ஜெயிப்பேனா தெரியாது. ஆனால் ஓட்டுக் கேட்டு அவர் எங்கள் கதவைத் தட்ட வேண்டும். கென் கதவைத் திறக்க வேண்டும். அவர் கென் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அது போதும்."

எனக்கு இதில் சொந்த ஆசை ஒன்றும் இருந்தது. நம் நாட்டில் நகராண்மைக் கழக உறுப்பினரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. நியமிப்பார்கள். அம்மா ஓட்டுப் போடும் வயதுக்கு வருவதற்கு முன்பே அந்தத் தேர்தல் நின்றுபோய்விட்டது. ஆனால் காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் இங்கிலாந்தில் குடியிருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நான் பெயர் பதிந்து வைத்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்து அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார். "கால்வாய் அடச்சா கேக்குற ஆளுக்கு ஓட்டுப் போடப் போறேம்மா. நம்ம வீட்டுல நான்தான் மொத ஆளு," என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப நானும் கூட வந்து பாக்குறேன்," என்றார் அம்மா.

மனு கடைசி நாள் வரை இழுத்ததற்குக் காரணம், வழிமொழிந்து கையெழுத்துப் போட்டவரின் வீடு பக்கத்து வார்டில் இருந்ததுதான். கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் அது தெரிய வந்தது. கடைசி நாள் காலையில் தபால்காரரின் மனைவியைப் பிடித்துப் புதிதாகக் கையெழுத்து வாங்கினார் மொரீன். அன்றைக்கே கென்னுக்கு மருத்துவமனையில் நேரம் கொடுத்திருந்தார்கள். மனு நேரில்தான் போய்ச் சேர வேண்டும், தபாலில் அனுப்பக் கூடாது.

"நான் கொண்டுபோறேன்," என்றேன். "காலக்கெடு என்னோட தொழில், மொரீன்."

(இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இப்போதும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள்.)

அன்று செவ்வாய்க்கிழமை. நான் விடுப்பு எடுத்திருந்தேன். மனுவைக் கொடுத்துவிட்டு அம்மாவுக்கு அலுவலகம் இருந்த அந்தப் பக்கத்து ஊரைச் சுற்றிக் காட்டுவது திட்டம். புறப்படும் நேரம், சேரும் நேரம், நிறுத்துமிடம், எந்தக் கதவு என்று ஒரு பட்டியல் போட்டேன். பட்டியலுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டேன். அதன்படி போயிருந்தால் இரண்டு மணிக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் பாதி வழியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எல்லாத் தாளுக்கும் போட்டோஸ்டாட் எடுத்து வைக்கவில்லையே. டெண்டர் என்றால் நகல் இல்லாமல் அனுப்புவேனா? வண்டியைத் திருப்பி நூலகத்துக்குப் போனேன். அங்கிருந்த இயந்திரம் சில்லறை மட்டும்தான் வாங்கும். சில்லறை தேடி, நகல் எடுத்து, வரிசை மாறிய தாள்களைத் திரும்ப அடுக்கி, கிளிப் போட்டு... இந்தத் தாமதத்துக்கு, பின்னால் வரப்போகும் ராகு எந்த விதத்திலும் பொறுப்பில்லை. இதை நான் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கார் பார்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு மனு இருந்த உறைக்காகக் கையை நீட்டினேன். அது அம்மாவின் மடியில், கைப்பைக்கு அடியில் இருந்தது.

"மணி என்னா?" என்றார் அம்மா.

"மூணு தாண்டிருச்சு. குடுங்க, அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்."

"செவ்வாக்கெழம மூணுலேர்ந்து நாலரை."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை ராகு காலம். கோலா சிலாங்கூர் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அப்படித்தான் இருக்கும். அம்மா கிளம்பும்போது அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"அம்மா, நாலு மணிக்குக் கவுண்டர மூடிருவாங்க."

"நாலர வரைக்கும் இருக்கச் சொல்லு."

"அவங்ககிட்ட அப்டியெல்லாம் சொல்ல முடியாதும்மா. இதெல்லாம் இங்க பாக்க வேணாம் லா."

"நம்ம பேப்பரா இருந்தா நானும் வேணாம்னுதான் சொல்லுவேன் பாப்பா. இது அந்தம்மா பேப்பரு. அவங்க நம்பி நம்ம கையில குடுத்திருக்காங்க."

இந்த இடத்தில் அம்மாவுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் இருந்த எஸ்டேட்டை மூடியபோது தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், மலிவு விலை வீடு கேட்டு அப்பா ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார். லோரியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, ராகு காலம் என்று தெரிந்தும், ஓடிப்போய்க் கொடுத்தார். அந்தப் பாரம் எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் வீடு மாறிப் போன பிறகும் காலியான தொழிலாளர் லயத்தில் நாங்கள் மட்டும், தாமானில் வீடு கிடைக்கும் வரை, சில வருடங்கள் இருந்தோம். பக்கத்து வீடுகளின் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலமானால் அம்மா என்னை வெளியே விளையாட விடமாட்டார். அம்மாவுக்கு ராகு காலம் பாம்புக் கதை இல்லை. அனுபவம். கவுண்டரில் கொடுத்த தாள் காணாமல் போகக்கூடும் என்பதை அவர் தெரிந்துகொண்டிருந்தார். அதற்கு அவரிடம் இருந்த ஒரே விளக்கம் அந்த நேரம்தான்.

அன்று நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. "சரிம்மா" என்று சொல்லி உறையை மெல்ல உருவிக்கொண்டு போயிருக்கலாம். அம்மா ஒன்றும் மல்லுக்கட்டியிருக்க மாட்டார். முணுமுணுத்திருப்பார், அவ்வளவுதான். அலுவலகக் கதவு கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. நேரமும் நிறைய இருந்தது. அதனால்தான், அம்மாவை முதலில் சரியான கணக்கால் ஒத்துக்கொள்ள வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ராகு காலம் என்பது என்ன? சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்தால், செவ்வாய்க்கு ஏழாவது பங்கு. காலை ஆறுக்கு உதித்து மாலை ஆறுக்கு மறையும் ஊரில் அது மூன்று முதல் நாலரை. இங்கிலாந்தில் ஏப்ரல் மாதம் பகல் நீளம். அதோடு கடிகாரத்தை வேறு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். கைப்பேசியில் அன்றைய சூரிய உதயத்தைப் பார்த்து, கழித்து, வகுத்து, பெருக்கி, திரையை அம்மாவிடம் காட்டினேன்.

"இங்க பாருங்க. இந்த ஊருல இன்னிக்கு நாலு மணிக்கு அப்பறந்தான் ராகு காலமே ஆரம்பிக்குது. இப்ப நல்ல நேரம்."

அம்மா திரையை நிதானமாகப் பார்த்தார். "இது பஞ்சாங்கம் போட்டதா, நீ போட்டதா?"

"நான் போட்டது."

"அப்பாவக் கேளு."

கோலா சிலாங்கூரில் அப்பா பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "உங்க பெரியப்பாவுக்குத்தான் இதெல்லாம் தெரியும்," என்று கெர்லிங்கில் இருக்கும் அவருடைய அண்ணனையும் அழைப்பில் சேர்த்தார். பெரியப்பா கோயில் கமிட்டியில் செயலாளராக இருந்தவர். எந்தக் கேள்வியையும் கூட்டத் தீர்மானம் போலத்தான் எடுத்துக்கொள்வார்.

"மொதல்ல ஒன்னு சொல்லு. மனு யாரு பேருல?"

"மொரீன் பேருல, பெரியப்பா."

"அவங்க என்ன நட்சத்திரம்?"

"வெள்ளைக்காரங்க பெரியப்பா."

"வெள்ளைக்காரங்களும் ஏதாவது நட்சத்திரத்துலதானம்மா பொறந்திருப்பாங்க."

அப்பா குறுக்கிட்டார். "ண்ணே, இங்க இப்ப ராத்திரி. ராத்திரிக்கு ராகு காலமே கெடையாதுல்ல? நம்ம டைம் வச்சிக்கிட்டா என்னா?"

"மனு அங்க குடுக்குறாங்களா, இங்க குடுக்குறாங்களா?" என்றார் பெரியப்பா.

நான் அப்போது வண்டியை விட்டு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. "பெரியப்பா, எட்டுல ஒரு பங்கு கணக்கு சரிதானே? அத மட்டும் சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவர் வாயால் அது வர வேண்டும். அதை அம்மா காதால் கேட்க வேண்டும். ராகுவுக்காக நான் அந்த வண்டியில் உட்காரவில்லை. நான் சொன்னது சரி என்று ஒரு ஆள் சொல்வதற்காக உட்கார்ந்திருந்தேன்.

பெரியப்பா கண்ணாடி தேடினார். பிறகு பழைய பஞ்சாங்கத்தைத் தேடினார். பக்கம் புரட்டும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"பாப்பா சொல்றது சரிதான். உதயத்த வச்சித்தான் பாக்கணும். இப்ப நல்ல நேரம். ஏன் இன்னும் கார்ல உக்காந்திருக்கீங்க? போங்க."

நேரம் பார்த்தேன். நான்குக்குச் சில நிமிடங்கள் இருந்தன. பட்டியலில் எழுதியிருந்த கதவு பூட்டியிருந்தது. கட்டடத்தைச் சுற்றி ஓடினோம். அம்மா சேலையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையில் உறையோடு, என்னைவிட வேகமாக ஓடினார். வரவேற்பில் பெயர் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அம்மா பெயரையும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். தேர்தல் பிரிவு மாடியில் என்றார்கள். நான் மாடிப்படியில் இருந்தபோதுதான் எங்கோ ஒரு தேவாலயத்தின் மணி அடிக்க ஆரம்பித்தது.

கவுண்டரில் இருந்த பெண் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். எழுந்து நின்றதிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"ரொம்ப வருத்தமாக இருக்கிறது. நான்கு மணி ஆகிவிட்டது. சட்டப்படி நான் இதை வாங்க முடியாது."

அம்மா உறையைக் கவுண்டர் மேல் தள்ளினார். "மேடம், டூ மினிட் ஒன்லி லா. யூ டேக். நோபடி நோ."

அந்தப் பெண் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "எனக்குத் தெரியுமே," என்றார் மென்மையாக. பிறகு நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எந்த மாதிரியான தோல்விக்கும் அந்த ஊரில் முதலில் நாற்காலி போடுவார்கள்.

வெளியே வந்து வண்டியில் ஏறினோம். திரையில் என் கணக்கு அப்படியே இருந்தது. அதன்படி, உண்மையான ராகு காலம் அப்போதுதான் தொடங்கப்போகிறது. அம்மாவும் அதைப் பார்த்தார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டில் மொரீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய கதவு, வரவேற்புப் புத்தகம் என்று ஆரம்பித்துப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டு, கார் பார்க்கையே சொன்னேன். அம்மா மொரீனின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரி, மை பால்ட், மை பால்ட்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மொரீன் கெட்டிலைப் போட்டார். அது கொதித்து அணைந்த பிறகும் திரும்பாமல் நின்றார். எனக்கு அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜன்னலோரத்திலிருந்து கென்தான் பேசினார். "நாலரை வரைக்கும் காத்திருக்கலாம் என்று நினைத்தீர்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"எஸ்," என்றார் அம்மா.

"அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்வது கஷ்டம். எனக்குத் தெரியும்," என்றார் கென்.

மொரீனின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். அவர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, அதில் கொஞ்சம் அழுகையும் இருந்தது என்பதை நான் கவனித்தேன். அன்று இரவு சாப்பாட்டுக்கு அவர் எங்களோடு உட்காரவில்லை.

சில நாள் கழித்து ஊர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். எங்கள் வார்டுக்கு அந்தக் கவுன்சிலர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அதில் இருந்தது. அம்மா அதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்துக் காட்டினேன்.

"அப்ப ஓட்டு இல்லயா?"

"இல்லம்மா."

"யாரையும் கேக்காம அவரே உக்காந்துக்குவாரா?"

"ஆமா."

அம்மா "நம்ம ஊரு மாதிரிதான்," என்றார்.

அதை அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் நான் செய்தது முழுதாக உறைத்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு கவுன்சிலருக்கு ஓட்டுப் போடப் போனவள், அங்கிருந்தவர்களுக்கும் ஓட்டு இல்லாமல் செய்துவிட்டு வந்து நின்றேன்.

அடுத்த சந்தை நாளில் அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு கென்னின் எதிரில் போய் நின்றார். "அங்கிள், கம்." கென் மொரீனைப் பார்த்தார். மொரீன் என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. சதுக்கத்துக்குப் போனதும் அம்மா நேராக இறைச்சிக் கடைக்குள் நுழைந்து, கல்லாவில் இருந்தவரிடம், "டாய்லெட் ஹேவ்? பார் அங்கிள்," என்றார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்த ஊரில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்கமாட்டார்கள். அத்தனை வருடம் அங்கே இருந்து நானும் அவர்களைப் போலவே ஆகியிருந்தேன். கடைக்காரர் கென்னைப் பார்த்தார், சிவந்துபோனார், பிறகு பின்கதவைக் காட்டினார்.

"தாமான்ல அவசரம்னா பக்கத்து வீட்டுல கேக்க மாட்டமா?" என்றார் அம்மா என்னிடம். "இதுக்கு எதுக்கு இவ்ளோ பேப்பரு."

அன்றிலிருந்து கென் சந்தைக்கு வருகிறார். நன்றிக்காக ஒவ்வொரு தடவையும் சாசேஜ் வாங்கிவிடுகிறார். மொரீனின் பிரிட்ஜில் வேறு எதற்கும் இடமில்லை.

நான் போன வருடம் ஊருக்குத் திரும்பிவிட்டேன். ரவாங்கில் வேலை. எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது தள்ளிப்போட்டால், "இன்னும் கார்ல உக்காந்திருக்கியா?" என்பார்கள். என் அக்கா மகன் பரீட்சைக்குப் படிக்காமல் இருந்ததற்கும் இதைத்தான் சொன்னார்கள். அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அம்மா இப்போதும் நாள்காட்டி பார்க்கிறார். ஆனால் கவுண்டரில் ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல்தான் கிளம்புகிறார். ஏன் என்று கேட்டேன். "நம்ம ஆளுங்க யாரும் வரமாட்டாங்க. நம்பர் சீக்கிரம் வந்துரும்," என்றார்.

இப்போதைய நிலவரம்: சதுக்கத்துக் கழிப்பறை இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அதே கவுன்சிலர்தான் இருக்கிறார். அவர் இதுவரை கென் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அடுத்த தேர்தலில் மொரீன் மறுபடியும் நிற்கிறார். மனுவை அவரே கொண்டுபோகிறார், முதல் நாளே, காலையில். எங்கள் தாமானுக்கு இன்னும் கவுன்சிலர் ஓட்டு இல்லை.